ஐந்து மணிக்கு வந்தவருக்கும் முழுக்கூலி



பெரட்டு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருட்டுப் பிரியாத நேரத்தில் ஆபீசுக்கு முன்னால் கூடி நிற்பதும், கிராணியார் செக்ரோல் புத்தகத்தைப் புரட்டிப் பெயர் கூப்பிடுவதும், கூப்பிடப்பட்டவர்கள் வாளியும் கத்தியுமாகத் தங்கள் நிரையை நோக்கி நடப்பதும் நம்மில் எத்தனையோ பேர் நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்த காட்சி. இன்று பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வீடுகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தக் காலைநேரத்துக் கவலை நம் எலும்பிலேயே தங்கிவிட்டது. "இன்றைக்கு வேலை உண்டா?" என்பதுதான் அது. மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு குறைந்த மாதம் கடைக்காரர் கணக்கு ஏறும். இது நமக்குத் தெரிந்த பாடம்.

எங்கள் தோட்டத்துச் சிறிய கோயிலுக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் சொல்லி நற்செய்தி வாசிப்பார். மத்தேயு எழுதிய நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை அவர் வாசிக்க நான் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு எட்டு அல்லது ஒன்பது வயது. இயேசு சுவாமி எங்கள் பெரட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய்த்தான் இந்தக் கதையைச் சொன்னாரோ என்று எண்ணினேன்.

வாசகர்களில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதை நான் அறிவேன். நானும் மாரியம்மன் திருவிழாவில் கூழ் வாங்கிக் குடித்து வளர்ந்தவள்தான். ஆகையால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு திராட்சைத் தோட்டத்து முதலாளி விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போகிறார். அங்கு நின்ற ஆட்களிடம் நாள் ஒன்றுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி வேலைக்கு அனுப்புகிறார். ஒன்பது மணிக்கு மறுபடியும் போகிறார். பிறகு பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் போகிறார். கடைசியாக மாலை ஐந்து மணிக்குப் போகும்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் கடைசியில் வந்தவர்களிலிருந்து தொடங்கிக் கூலி கொடுக்கச் சொல்கிறார். ஒருமணி நேரம் வேலை செய்தவருக்கு ஒரு தெனாரியம். விடியலிலிருந்து வெயிலில் வெந்தவருக்கும் அதே ஒரு தெனாரியம். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். உனக்குப் பேசியதை நான் குறைக்கவில்லையே, என் பணத்தில் இவருக்கும் கொடுக்க விரும்பினால் உனக்கு என்ன என்று முதலாளி கேட்கிறார். கதை அவ்வளவுதான்.

சனிக்கிழமை இரவு சாப்பிட்டு முடித்த பிறகு மறுநாள் நற்செய்தியை வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டு. அம்மா வைத்த பழக்கம். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். வாசிப்பது நாங்கள், கேள்வி கேட்பது அவர். "இதுல நீ யாரு?" என்பதுதான் அவர் எப்போதும் கேட்கும் கேள்வி. பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்த பாட போதனை முறைகளில் இதைவிட நல்ல கேள்வி இருந்ததாக நினைவில்லை. நீங்களும் முயன்று பாருங்கள். பத்து நிமிடம் போதும், தொலைக்காட்சியை மட்டும் அணைக்க வேண்டும்.

இந்தக் கதையில் தோட்டத்துக் கண்ணுக்கு மட்டும் சட்டென்று தெரியும் சில விஷயங்கள் இருக்கின்றன. அந்த முதலாளிக்கு மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு. கூலி கொடுப்பவர் அவரே. ஆனால் ஆள் தேடிப் போவது யார்? முதலாளியே போகிறார். ஒருமுறை அல்ல, ஐந்து முறை. பெரட்டில் ஆள் பொறுக்குவதற்குத் துரையே நாளில் ஐந்து தடவை நடந்து வந்ததை நீங்கள் எந்தத் தோட்டத்திலாவது கண்டதுண்டா? நான் கண்டதில்லை.

இன்னொன்று. மாலை ஐந்து மணிவரை கூப்பிடப்படாமல் நிற்பவர் யார்? அவரைச் சோம்பேறி என்று சிலர் பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. சோம்பேறி என்றால் ஐந்து மணிவரை ஏன் அங்கேயே நிற்கிறார்? வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பாரே. கால் விளங்காதவர், வயது போனவர், இருமல்காரர், இளைத்தவர் இப்படிப்பட்டவர்களைத்தான் எந்த மண்டோரும் கடைசிவரை கூப்பிடுவதில்லை. வேலை செய்தவர் வெயிலில் வெந்தார், உண்மை. வேலை கிடைக்காதவரும் அதே வெயிலில்தான் நின்றார். அதோடு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற நினைப்பும் அவருக்கு நாள் முழுதும் இருந்தது. விடியலில் வேலைக்குப் போனவருக்கு அந்தக் கவலை கிடையாது. அவர் வீட்டு உலைக்கு அரிசி காலை ஆறு மணிக்கே உறுதியாகிவிட்டது.

தெனாரியம் என்பது உரோமையர் காலத்து வெள்ளிக்காசு. ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஒருநாள் குடும்பம் சாப்பிட அது வேண்டும். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து ஒரு பங்கை மட்டும் கொடுத்தால் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் அந்த வீட்டில் அன்று இரவு அடுப்பு எரியாது.

இதை எனக்குச் சொல்லித் தந்தது சாமியார் அல்ல, ஒரு வாளி பால்.

எங்கள் லயத்துக்குப் பின்லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கை நடுக்கம் வந்த பிறகும் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நடுங்கும் கையில் பட்டை சரியாக வருமா? பால் குறைவாகத்தான் இறங்கும். ஸ்டோரில் நிறுக்கும் இடத்துக்குப் போவதற்கு முன், வளைவில் இருந்த பெரிய மரத்தடியில் அம்மா தன் வாளியிலிருந்து கொஞ்சம் பாலைச் சாய்த்துப் பாட்டியின் வாளியில் ஊற்றுவார். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மங்கு துடைக்கப் போன நான் அதைப் பார்த்துவிட்டேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஏனென்றால் அந்த மாதம் எனக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கித் தருவதாக அம்மா சொல்லியிருந்தார். பழைய சப்பாத்தில் பெருவிரல் வெளியே தெரியும். நாம் வெட்டிய பாலை ஏன் அந்தக் கிழவிக்கு ஊற்றுகிறீர்கள் என்று வழியெல்லாம் அழுதேன்.

"கெழவி வெட்டுனது கொறச்சல்தான். வயிறும் கொறச்சலா இருக்கு? அதுவும் ஒல வைக்கணும்ல?" என்றார் அம்மா. அவ்வளவுதான். சப்பாத்து அடுத்த மாதம் வந்தது. ஒரு மாதம் பெருவிரல் வெளியே தெரிந்ததால் நான் செத்துப் போய்விடவில்லை. ஆனால் அன்று பாட்டிமீது வந்த கோபம் நீண்ட நாள் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அவர் கொடுத்த அச்சுமுறுக்கைக்கூட வாங்க மறுத்தேன்.

நம் ஊர்ப்பக்கம் 'கண் பட்டுவிட்டது' என்போம் அல்லவா? கிரேக்க மொழியில் எழுதப்பட்ட மூலத்தில் முதலாளி அந்த முணுமுணுப்புக்காரரிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய அதுதான் என்று எங்கள் பங்குச் சாமியார் ஒருமுறை விளக்கினார். நான் நல்லவனாக இருப்பதால் உன் கண் கெட்டுப் போயிற்றா என்று கேட்கிறாராம். நமக்குக் கண் பட்டால் பூசணிக்காய் சுற்றுகிறோம், உப்பு மிளகாய் போடுகிறோம். கெட்ட கண் நம் முகத்திலேயே இருந்தால் எதைச் சுற்றுவது?

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு மேலே போக வேண்டும். சங்கத்தில் பல காலம் உழைத்த பெரியவர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "டீச்சர், இது தொரமாருக்கு ஏத்த கதை. என் பணம், என் இஷ்டம்னு சொல்றான். தொழிலாளி வாயத் தொறந்தா மொணமொணப்புங்கிறான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் நியாயம் இருந்தது. கூலி கேட்பவர்களின் வாயை அடைக்க இந்த நற்செய்தியைப் பயன்படுத்துவோர் இருக்கலாம். அது தவறு என்றே நான் சொல்வேன். அந்த முதலாளி பேசிய கூலியில் ஒரு காசு பிடிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் கொடுத்துவிட்டார். ஏழைக் கூலியாளுக்கு அன்றைய கூலியைச் சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூலில் மோசே விதித்த சட்டம் இருக்கிறது. பிடித்து வைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்னும் கருத்தில் யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதியிருக்கிறார். 1891ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலைபற்றி வெளியிட்ட ரேரும் நோவாரும் என்ற சுற்றுமடல், சிக்கனமாக வாழும் ஒரு தொழிலாளி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போதாத கூலி நியாயமான கூலி ஆகாது என்று கூறியது. இருவரும் சம்மதித்துப் பேசிய கூலியாக இருந்தாலும் அப்படியே என்றது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, அந்தப் பெரியவரை நினைத்தே தமக்குப் பதினான்காம் லியோ என்ற பெயரை எடுத்துக்கொண்டார்.

ஆகவே நம்மவர்கள் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைத்ததும், மாதச் சம்பளம் வேண்டுமென்று பல ஆண்டுகள் போராடியதும் முணுமுணுப்பு ஆகாது. 2013இல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என்று சட்டமானபோதும், அது படிப்படியாக ஏறி 2025 பிப்ரவரியில் 1,700 ஆனபோதும் யாருடைய வயிற்றிலும் யாரும் அடிக்கவில்லை. எனக்குச் சேர வேண்டியதைக் கொடு என்று கேட்பது நீதி. அவனுக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்பதுதான் கண் கெட்ட பேச்சு. இரண்டும் ஒன்றல்ல.

இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து செம்பனைக் குலை வெட்டும் பையன்களைப் பற்றி நம் வீடுகளில் பேசும் பேச்சை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நம் பாட்டன்மாரும் கப்பலில் வந்து இறங்கியவர்கள்தானே. அதை இந்த அளவில் நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் என் சொந்தக் கண்ணின் கதை இன்னும் பாக்கி இருக்கிறது.

எனக்கு ஒரே தம்பி. பதினேழு வயதில் ஜொகூருக்கு வேலைக்குப் போனான். அங்கிருந்து சிங்கப்பூர். முதலில் பணம் அனுப்பினான், பிறகு கடிதம் மட்டும், பிறகு அதுவும் இல்லை. இடையில் குடி, கடன், குடும்பத்தில் சச்சரவு. அம்மாவுக்கு இனிப்புநீர் முற்றி ஒரு காலை எடுக்க வேண்டி வந்தபோதும் அவன் வரவில்லை. ஆறு ஆண்டுகள் அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோவது எல்லாம் என் தலையில். காலையில் பள்ளி, மாலையில் ஆஸ்பத்திரி. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. இப்படிச் செய்யும் பெண்கள் ஒவ்வொரு லயத்திலும் ஒருத்தி இருப்பாள்.

2019இல் அம்மாவின் கடைசி மூன்று மாதத்தில் தம்பி வந்து சேர்ந்தான். ஒரு பையோடு வந்தான். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டான். அவனைப் பார்த்ததும் அம்மா முகத்தில் வந்த சிரிப்பை நான் ஆறு ஆண்டில் பார்த்ததில்லை. அதுவே எனக்கு முதல் முள்.

தோட்டம் விற்கப்பட்டபோது கிடைத்த தொகையும் சேமநிதியில் மிஞ்சியதும் சேர்த்து அம்மாவின் சேமிப்புக் கணக்கில் பதினெட்டாயிரம் வெள்ளி இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்க" என்றார். நான் பேசாமல் வந்திருக்கலாம். பேசிவிட்டேன். ஆறு வருஷம் செய்தவளுக்கும் மூணு மாசம் செய்தவனுக்கும் ஒரே பங்கா அம்மா என்று கேட்டேன். படுக்கையில் கிடந்த தாயிடம், தம்பி காதில் விழும்படியாகக் கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "பாதி ஒனக்குன்னு நான் எப்பவோ சொல்லிட்டேனேம்மா. அதுல கொறச்சேனா?" என்றார்.

நான்கு நாள் கழித்து அம்மா போய்விட்டார். பணத்தைப் பாதியாகப் பிரித்தேன். ஒரு காசு கூடுதல் குறைவு இல்லாமல் பிரித்தேன். பிறகு தம்பியோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். நல்ல நாள் பெரிய நாளில் தொலைபேசியில் ஒரு வார்த்தை, அதுவும் அவன் கூப்பிட்டால்.

ஞாயிறு வாசகங்கள் நம் திருச்சபையில் மூன்றாண்டுச் சுற்றில் வருகின்றன. திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள் பற்றிய இந்தப் பகுதி அதில் முதலாம் ஆண்டில், பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு அன்று வரும். 2023 செப்டம்பர் 24ஆம் நாள் திருப்பலியில் அது வாசிக்கப்பட்டது. சிறுவயதிலிருந்து கேட்ட கதைதானே என்று விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளி பதில் சொல்லும் இடம் வந்தது. பேசியதில் நான் குறைக்கவில்லையே என்ற அந்த இடத்தில் வாசித்தவர் குரல் எனக்குக் கேட்கவில்லை. அம்மாவின் குரல்தான் கேட்டது. "இதுல நீ யாரு?" என்று சனிக்கிழமைதோறும் கேட்டவருக்கு நான் பதில் சொல்லாமலே இருந்திருக்கிறேன்.

கோயிலிலிருந்து நேரே தம்பி வீட்டுக்கு ஓடினேன் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாயிருக்கும். நடந்தது அதுவல்ல. அடுத்த வாரம் போகலாம் என்றேன், பள்ளியில் தேர்வு என்றேன், கால் வலி என்றேன். கிறிஸ்துமஸ் கழித்துத்தான் போனேன், ஒரு தட்டில் பலகாரம் எடுத்துக்கொண்டு. அவன் இப்போது குடியை விட்டு ஒரு கிடங்கில் காவல் வேலை பார்க்கிறான். கறி வாங்கி வந்து சமைத்தார்கள். சாப்பிட்ட பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா தம்பி என்றேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "நீ கேட்டது ஞாயம்தாங்க்கா. எனக்குப் பணத்தப் பத்தி ஒண்ணும் இல்ல. ஒனக்கு அம்மா ஆறு வருஷம் கெடச்சாங்க. எனக்கு மூணு மாசம்தான். அதத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன்" என்றான்.

வாசகர்களே, அந்த ஆறு ஆண்டையும் நான் சுமை என்ற கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன். வெயில், வியர்வை, விழித்த இரவுகள் எல்லாம் ஒரு பக்கம்; கூலி மறுபக்கம். ஆனால் அந்த ஆறு ஆண்டில் அம்மா எனக்கு எத்தனை கதை சொன்னார்! புண்ணுக்குக் கட்டுப் போடும்போது வலி தெரியாமலிருக்கத் தான் பெண்ணாக வந்திறங்கிய நாளைச் சொல்லுவார். இரத்தச் சுத்திகரிப்பு முடிந்து திரும்பும் வழியில் சாப்பிடக் கூடாத ஐஸ் கச்சாங்கை ஒரே ஒரு கரண்டி கேட்டு அடம் பிடிப்பார். தம்பிக்கு அது எதுவும் தெரியாது. அவன் தூரத்தில், யாரும் கூப்பிடாத சந்தைவெளியில், தன் வெட்கத்தோடு நின்றுகொண்டிருந்தான். தோட்டத்துக்குள்ளே இருந்தவள் நான்.

அன்று மாலை அவன் பிள்ளைகளுக்கு நான்தான் பாட்டி கதைகளைச் சொன்னேன். அவனும் கூட உட்கார்ந்து கேட்டான். ஐஸ் கச்சாங் கதைக்குச் சிரித்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னமும் சில நாட்களில் அந்தப் பழைய கணக்குப் புத்தகம் தானாகத் திறந்துகொள்ளும். அம்மாவின் நினைவு நாளுக்கு ஆண்டுதோறும் திருப்பலி எழுதிக் கொடுப்பது வழக்கம். முன்பெல்லாம் 'மகள்' என்று மட்டும் எழுதுவேன். இப்போது இருவர் பெயரையும் எழுதிக் கொடுக்கிறேன். இந்த முறை அறிவிப்புத் தாளில் தட்டெழுதியவர் தம்பி பெயரை முதலிலும் என் பெயரைக் கடைசியிலும் போட்டிருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.